பின் சீட் எடுத்த மைவிக்கு உள்வேலை: சுங்கை சிப்புட்டில் ஒரு குஷன் கடை

காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைச் சாமான் ஏற்றத் தோதாக மாற்ற நினைப்பவர்களுக்கு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு குஷன் கடையைத் தயங்காமல் சொல்வேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. லோரி சீட், மோட்டார் சீட், கார் குஷன் என்று ஒரு தகரத்தில் கையால் எழுதி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை சுத்தமான வேலை. ஆனால் சொன்ன நாளில் வண்டி கைக்கு வராது. அவசரக்காரர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நான் பூ வியாபாரம் செய்கிறேன். கல்யாண மாலை, கோயில் மாலை, சடங்கு வீட்டுக்குப் பூஜடை எல்லாம் வீட்டிலேயே கட்டிக் கொடுக்கிறேன். கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்தியையும் இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகையையும் ஈப்போவில் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆடி மாதம் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழாதான். எல்பில் தோட்டத்துப் பக்கம் ஒரு கோயிலில் மாலையை இறக்கிவிட்டு, செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டியிருக்கும். வண்டி 2009ஆம் வருட பெரோடுவா மைவி, 1.3 லிட்டர் சின்னக் கார். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. அதனால் வேன் வாங்கக் கடன்படாமல் இந்த வண்டியையே தோதாக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

மைவியின் பின் சீட் இரண்டு பாகமாக மடங்கும். மடக்கினாலும் தரை சமமாக வராது. சாய்மானம் சீட்டின் மேலேயே படுப்பதால் பூட் தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு மேடு நிற்கும். பூ வாளியை அந்த மேட்டில் வைத்தால் முதல் வளைவிலேயே சாயும். மாலைப் பெட்டி பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் நின்றால், கீழே இருக்கும் பக்கத்து ரோஜா இதழெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கறுத்துவிடும். மாப்பிள்ளை கழுத்தில் போடும் மாலையில் அப்படி ஒரு கறுப்பு இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியது சமமான தரை, தண்ணீர் சிந்தினாலும் கெடாத தரை.

முதலில் வேறொரு ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். சீட்டைத் தூக்கிவிட்டு மேலே ஒரு கார்பெட்டை ஒட்டிவிடலாம், 400 வெள்ளி (ரிங்கிட்), மாலையே வண்டியைக் கொண்டுபோகலாம் என்றார்கள். என்ன ஏற்றப்போகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சுங்கை சிப்புட் கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது அதைத்தான். "என்னம்மா ஏத்துவீங்க? தண்ணி வருமா?" பூ என்றேன். "அப்ப கார்பெட்டே வேணாம்" என்றார். அடுத்த பேச்சு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா பற்றி. வண்டியின் பதிவில் இத்தனை இருக்கை என்று இருக்கிறது. சீட்டை நிரந்தரமாக எடுப்பதென்றால் அந்த இலாகாவின் அனுமதி வேண்டும், பரிசோதனை வேண்டும், காப்புறுதிக்காரர்களிடமும் சொல்ல வேண்டும். "அதை முடிச்சிட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். வந்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். இவர் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. காகித வேலையை முடித்துக்கொண்டு திரும்பவும் அவரிடமே போனேன்.

சீட்டைக் கழற்றும்போது என்னை நின்று பார்க்கச் சொன்னார். அடிமெத்தையைத் தூக்கியதும் கீழே வெறும் தகரம். கம்பெனி கார்பெட் முன்பக்கத்திலிருந்து வந்து மெத்தைக்குச் சற்று உள்ளே போனதும் வெட்டி நிற்கிறது. மெத்தை மறைத்துக்கொள்ளும் என்பதால் கம்பெனிக்காரன் அங்கே எதையும் போடுவதில்லை. மைவியில் பெட்ரோல் தொட்டி அந்தத் தகரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பெட்ரோல் பம்ப்பை எடுப்பதற்கான மூடியும் அங்கேதான். பம்ப் கெட்டால் மெக்கானிக் பின் சீட்டைத் தூக்குவது அதனால்தான்.

அப்புறம் கார்பெட்டின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். கார்பெட்டுக்கு அடியில் சாக்குத்துணி மாதிரி ஒரு கனமான பஞ்சுப் படுகை இருக்கும். அதை இரண்டு விரலால் அழுத்தினார், பழுப்புத் தண்ணீர் கசிந்தது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்த கார்பெட், அடியில் எத்தனையோ மாதத்து வாளித் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. ஏர்கான் போட்டதும் வண்டியில் ஒரு புளித்த வாடை வரும். ஏர்கான் கடையில் காயிலைக்கூடக் கழுவிப் பார்த்தாயிற்று. வாடை வந்த இடம் இது. தகரத்தின் மடிப்பு ஓரத்தில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஓட்டை விழவில்லை. இதன்மேல் அந்த 400 வெள்ளிக் கார்பெட்டை ஒட்டியிருந்தால் இரண்டு வருடத்தில் தரையே போயிருக்கும்.

இந்த வேலையில் காசு எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே தெரியும் தோலும் தையலும் கடைசியில் வருகிற வேலை. வண்டி எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அடியில் செய்கிற வேலை. அடிவேலையை அண்ணன் எப்படிச் செய்தார் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காயவைத்தார். நாலு கதவையும் திறந்து போட்டு, காற்றாடியை உள்ளே திருப்பி வைத்தார். சொன்ன நாள் தள்ளிப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான், மழை விடவே இல்லை. ஈரத் தகரத்தில் எதை ஒட்டினாலும் நிற்காது என்று சொல்லி அவசரப்பட மறுத்துவிட்டார். காய்ந்த பிறகு கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, துருவை அடக்கும் மருந்து தடவி, துத்தநாக பிரைமரும் அதன்மேல் பெயிண்டும் அடித்தார். மடிப்பு ஓரங்களில் சீலண்ட் இழுத்துவிட்டார்.

அடுத்து போல்ட் ஓட்டைகள். சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றியதும் தரையில் ஓட்டை திறந்துகொள்ளும், அது நேராக வண்டியின் அடிப்பாகத்துக்குப் போகிறது. அப்படியே விட்டால் மழைத் தண்ணீர், செம்மண் தூசி, புகைக் குழாய்ப் புகை எல்லாம் உள்ளே வரும். புகை உள்ளே வருவது உயிருக்கே ஆபத்து. எந்த ஓட்டையில் எதைப் பூட்டப்போகிறோம் என்று சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு, வேண்டாத ஓட்டைகளில் பழைய போல்ட்டையே சீலண்ட் தடவித் திரும்ப முறுக்கினார். போல்ட் அங்கேயே இருந்தால் நாளைக்குச் சீட்டைத் திரும்பப் போட வேண்டுமென்றாலும் தேட வேண்டியதில்லை, உள்மரையும் துருப்பிடிக்காது.

சத்தம் அடுத்த பிரச்சினை. பின் சீட் இல்லாத காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும், சின்னக் கல் தெறித்தாலும் தவிலுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த மெத்தைதான் டயர் சத்தத்தையும் புகைக்குழாய்ச் சத்தத்தையும் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தது. இதற்கு வெள்ளிக் காகிதம் ஒட்டிய பியூட்டில் ஷீட் போட்டார். தார் ஷீட் விலை குறைவு, ஆனால் நம் ஊர் வெயிலில் இளகி நாறும் என்று அதைத் தொடவில்லை. தரை முழுக்க ஒட்டவும் இல்லை. விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார், எங்கே தகரம் கணகணவென்று அதிர்கிறதோ அங்கே ஒரு துண்டு வெட்டி வைத்து உருளையால் அழுத்துவார், திரும்பத் தட்டுவார். அந்தச் சத்தம் டொக்கென்று மாறியதும் அடுத்த இடத்துக்கு நகர்வார். ஷீட்டின் வேலை அதிர்வை அடக்குவது. அதிராத இடத்தில் ஒட்டினால் காசும் கனமும்தான் கூடும். சக்கர வளைவுகளுக்கு மட்டும் முழுதாகப் போட்டார், கல் தெறிப்பது அங்கே அதிகம் என்பதால். அதன்மேல் தண்ணீர் குடிக்காத வகை ஃபோம். சாதாரண ஸ்பாஞ்ச் போட்டிருந்தால் பழைய கதைதான்.

தரைப் பலகைக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். கடையில் இருக்கும் தம்பி பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையை வெட்டி வெட்டி வைத்து அளவு எடுத்தான். சக்கர வளைவு, கதவு ஓரம், சீட்டின் கொக்கி நிற்கும் இடம் என்று ஒவ்வொரு வளைவுக்கும் அட்டை சரியாகப் பொருந்துகிற வரைக்கும் பலகையில் ரம்பம் வைக்கவில்லை. வெட்டிய பலகையின் ஓரங்களுக்கு வார்னிஷ் பல தடவை ஏற்றினான். பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது வெட்டிய ஓரத்தில்தான்.

பலகையை நிறுத்த ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கம்பெனி கொடுத்த சீட் ஓட்டைகளிலேயே இரும்புப் பட்டை வைத்து முறுக்கியிருக்கிறார். பெட்ரோல் தொட்டிக்கு மேலே டிரில் போடுகிறவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று அவரே சொன்னார். வேறு எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ஸ்குரூ அரை அங்குலம் நீளமாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பலகை மூன்று துண்டாக இருக்கிறது. நடுத்துண்டைத் தூக்கினால் பெட்ரோல் பம்ப் மூடி தெரியும். பின்துண்டைத் தூக்கினால் ஸ்பேர் டயர். எதையும் கிழிக்காமல், எந்தத் தையலையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் எட்டலாம். என் மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, அடுத்தவன் வேலையையும் நினைத்துச் செய்திருக்கிறார் என்றார்.

மேலே விரித்தது பஸ் தரைக்குப் போடும் கனமான பிவிசி விரிப்பு. அண்ணன் முதலில் காட்டியது கொட்டைக் கொட்டையாகப் புடைப்பு உள்ளது, வழுக்காது என்றார். எனக்கு அது வேண்டாம். சம்பங்கி இதழும் துளசியும் அந்தப் புடைப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் துடைத்து எடுக்க முடியாது. மெல்லிய மணல் சொரசொரப்பு உள்ளதைக் கேட்டேன், ஈப்போவிலிருந்து வரவழைத்தார். வெளிர் சாம்பல் நிறம். கறுப்புதான் அழுக்குத் தெரியாது என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கு அழுக்குத் தெரியத்தான் வேண்டும். பூ இருக்கும் இடத்தில் எறும்பு வரும். கறுப்புத் தரையில் எறும்பு தெரியாமல் போய், அது மாலைக்குள் ஏறி, மணமேடையில் பெண்ணின் கழுத்தைக் கடிக்கும். வெளிர் நிறத்தில் ஓர் எறும்பு நடந்தாலும் கண்ணில் படும்.

விரிப்பின் நான்கு ஓரமும் நாலு விரல் உயரத்துக்குச் சுவரில் ஏறி நிற்கிறது. ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, மூலைகளைச் சூட்டிலேயே ஒட்டவைத்திருக்கிறார்கள், தையல் கிடையாது. ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் தரையில் ஒரு தையலும் வேண்டாமென்று விட்டுவிட்டாராம். பலகைத் துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை இருக்கிறது. ஒரு வாளி முழுதாகக் கவிழ்ந்த அன்று தூக்கிப் பார்த்தேன், அடியில் சொட்டு ஈரமில்லை.

பக்கவாட்டில்தான் அவருடைய தையல் தெரிகிறது. சீட் போனதும் சக்கர வளைவும் பெல்ட் சுருளும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெல்ட் சுருளை மறைத்து, கதவு அட்டையின் நிறத்துக்கே ஒரு பிவிசி தோலில் புதிதாகப் பக்க அட்டை தைத்துப் போட்டார். இரட்டைத் தையல், நூல் நிறம் தோலைவிடச் சற்று வெளிர். வலது பக்கம் கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொன்னால் நம்புவார்கள். இடது சக்கர வளைவில் மட்டும் பெட்ரோல் மூடிப் பக்கமாக ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. சொன்னேன். தோல் இழுபட்டு நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும், நிற்கவில்லையென்றால் கொண்டுவாங்க, பிரித்துத் தருகிறேன் என்றார். சுருக்கம் இன்னும் போகவில்லை. தினமும் அந்தப் பக்கம் கண் போகிறது, ஒருநாள் கொண்டுபோய் விடத்தான் போகிறேன்.

பசை விஷயத்தில் ஒரு சின்னக் குறை. வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு ஏறினால் சாதாரண மஞ்சள் கம் விட்டுவிடும், அதனால் சூடு தாங்கும் கம் போட்டார். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரக் காத்திருந்து அழுத்தினார். பிடிப்பு அருமை, ஓரம் எங்கும் கிளம்பவில்லை. ஆனால் அந்த வாடை போகச் சில வாரம் பிடித்தது. மல்லிகை அந்த வாடையை வாங்கிக்கொள்ளும் என்ற பயத்தில் கொஞ்ச காலம் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினேன். பூவோ சாப்பாடோ ஏற்றுகிறவர்கள், வேலை இல்லாத மாதமாகப் பார்த்து வண்டியை விடுங்கள்.

கடைசியாகக் கட்டு. தண்ணீர் நிரம்பிய பூ வாளியின் கனம் சாதாரணமில்லை, பிரேக் அடித்தால் அது முன்னால் வரும், முன் சீட்டின் முதுகு மட்டும் அதைத் தாங்குமென்று நம்பக்கூடாது. கெட்டியான தடுப்பு வைக்கலாம் என்றார் அண்ணன். மைவியில் ஏர்கான் காற்று முன்பக்கத்திலிருந்துதான் பின்னால் போக வேண்டும். பலகையால் அடைத்தால் மல்லிகை ஈப்போவிலிருந்து வந்து சேர்வதற்குள் வெந்துவிடும். அதனால் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த வலை கட்டிக் கொடுத்தார். சட்டத்தைக் கழற்றவும் முடிகிறது. பெல்ட் பூட்டியிருந்த இடங்களில் நாலு வளையம் வைத்திருக்கிறார். அந்த இடம் ஆளின் கனத்தைத் தாங்குவதற்காகவே கம்பெனி பலப்படுத்தி வைத்திருப்பது, கயிறு கட்ட அதைவிட நல்ல இடம் வண்டிக்குள் கிடையாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தரை இவ்வளவு சுத்தமாக, சமமாக வந்ததும் வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறி உட்காரப் பார்ப்பார்கள். என் பேரன் முதல் நாளே பாய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பின்னால் பெல்ட் கட்டுவது இந்த நாட்டில் 2009 ஜனவரி முதல் கட்டாயம், பெல்ட்டும் சீட்டும் இல்லாத இடத்தில் யாரையும் ஏற்றக்கூடாது. கோயில் வாசல் வரைக்கும் தானே என்றாலும் கூடாது. இப்போது என் வண்டி இரண்டு பேர் போகும் வண்டி, குடும்பமாகப் போவதற்கு என் தம்பியின் வண்டியைத்தான் கேட்கிறோம்.

மொத்தம் 1,650 வெள்ளி ஆயிற்று. துரு வேலை, ஷீட், பலகை, விரிப்பு, பக்க அட்டை, வலைச் சட்டம் எல்லாம் சேர்த்து. பேசிய தொகைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை, மழையால் இழுத்த நாட்களுக்கும் கேட்கவில்லை. முன்பணம் பாதி வாங்குகிறார். ரசீது தானாகத் தர மாட்டார், கேட்டால் எழுதித் தருகிறார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனை எடுப்பது அபூர்வம், நேரில் போவதுதான் வழி. உட்கார்ந்து காத்திருக்க இடமில்லை, ஒரு லோரி சீட்டைத் துடைத்துக் கொடுப்பார்கள்.

கழற்றிய சீட்டுகளை பிளாஸ்டிக் சுற்றி, பெல்ட் பக்கிள்களையும் கிளிப்புகளையும் ஒரு மைலோ டின்னில் போட்டு, எது எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டிக் கொடுத்தார். வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. வண்டியை விற்கும் காலம் வந்தால் அதே கடையில் அரை நாளில் திரும்பப் பூட்டிவிடலாம் என்கிறார். காகிதத்தில் திரும்ப ஐந்து இருக்கையாக மாற்றுவது தனி வேலை.

தைப்பூசம் நெருங்கும்போது போனால் அவர் கையில் வண்டி எடுக்க மாட்டார், காவடிச் சட்டங்களுக்குத் தோள் மெத்தை தைக்கும் வேலை குவிந்திருக்கும். அதற்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.